மிசேல் இயூஜீன் செவ்ரேல்

மிசேல் இயூஜீன் செவ்ரேல் (ஆகஸ்ட் 31, 1786 – ஏப்ரல் 9, 1889) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். கொழுப்புகளும் எண்ணெய்களும் எவற்றால் ஆனவை என்பதையும், அவை காரத்துடன் சேர்ந்து சவர்க்காரமாக (சோப்பாக) மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதையும் முதன்முதலில் தெளிவாக விளக்கியவர் இவரே. ஒலீயிக் அமிலம், இசுட்டியரிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் முதலிய பல கொழுப்பு அமிலங்களை இவர் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். சாயத்தொழிலில் ஈடுபட்டிருந்தபோது, அடுத்தடுத்து வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இயல்பை விதியாக வகுத்தார். 102 ஆண்டுகள் வாழ்ந்த இவர், பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னர் பிறந்து, ஈஃபெல் கோபுரம் கட்டி முடிக்கப்பட்ட பின்னர் மறைந்தவர்.

இவரது முக்கியமான கண்டுபிடிப்புகளுள் பல, தொழிற்சாலைகளிலிருந்து வந்த கேள்விகளிலும் முறையீடுகளிலும் தொடங்கியவை. சவர்க்காரம் செய்பவரும் சாயம் தோய்ப்பவரும் தங்கள் சரக்கில் குறை கண்டால் செய்முறையைத் தான் முதலில் மாற்றிப் பார்ப்பர். குறை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தேடுவது செவ்ரேலின் வழக்கம். சில வேளைகளில் அது சரக்கில் இருப்பதே இல்லை.

பிறப்பும் இளமையும்

செவ்ரேல் பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள ஆன்சே நகரில் பிறந்தார். இவரது தந்தை ஒரு மருத்துவர். தந்தையும் தாயும் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்தவர்கள். செவ்ரேலுக்கு மூன்று வயது நிறைவதற்குள் புரட்சி வெடித்தது. ஆன்சே நகரும் அதனைச் சுற்றிய பகுதிகளும் உள்நாட்டுப் போரில் பெரிதும் பாதிக்கப்பட்டன. பழைய கல்லூரிகள் மூடப்பட்டு, புரட்சி அரசால் நிறுவப்பட்ட மையப் பள்ளியிலேயே இவர் கல்வி கற்றார்.

1803 ஆம் ஆண்டு, 17 ஆவது வயதில் பாரிசு சென்று, நிக்கோலா வோக்லென் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வோக்லென் குரோமியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தவர். தாவரப் பொருட்களைப் பகுத்தாய்வதிலும் தேர்ந்தவர். அவரிடம் பயின்ற செவ்ரேலின் தொடக்க ஆய்வுகள் சாயமரங்களைப் பற்றியவையாக அமைந்தன. நீலமரம் எனப்படும் சாயமரத்திலிருந்து எமட்டாக்சிலின் என்ற பொருளை 1810 இல் பிரித்தெடுத்தார். நோய்க்கூற்று ஆய்வுக்கூடங்களில் திசுக்களுக்கு நிறமேற்ற இன்றளவும் இப்பொருள் பயன்படுகிறது.

1810 இல் பாரிசின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1813 இல் சார்லமேன் பள்ளியில் வேதியியல் பேராசிரியரானார். 1818 இல் சோஃபி டவாலே என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஆன்றி என்ற ஒரு மகன் பிறந்தார்.

சவர்க்கார ஆய்வு

1811 ஆம் ஆண்டு துணி உற்பத்தியாளர் ஒருவர், தாம் பயன்படுத்தும் மென்சவர்க்காரத்தின் உட்கூறுகளை அறியுமாறு செவ்ரேலிடம் ஒரு மாதிரியைக் கொடுத்தார். அது பன்றிக் கொழுப்பும் பொட்டாசும் சேர்த்துச் செய்யப்பட்டது. அதனை மிகுந்த நீரில் கரைத்தபோது, முத்துப் போன்று பளபளக்கும் ஒரு படிவு அடியில் தங்கியது. அப்படிவை அமிலத்துடன் சேர்த்தபோது கொழுப்பைப் போன்ற ஒரு பொருள் பிரிந்து வந்தது. ஆனால் அது கொழுப்பன்று. ஆல்ககாலில் எளிதில் கரைந்தது. லிட்மசுத் தாளைச் சிவப்பாக்கியது. கொழுப்புத் தன்மையுடைய ஓர் அமிலம் இருக்கக்கூடும் என்பது அக்காலத்தில் எவரும் எதிர்பாராத ஒன்றாகும். முத்து என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு மார்கரிக் அமிலம் எனச் செவ்ரேல் பெயரிட்டார்.

சவர்க்காரத் தொழில் மிகப் பழமையானது. எனினும் கொதிகலத்துள் என்ன நடக்கிறது என்பது அதுவரை விளங்கவில்லை. கொழுப்பு அப்படியே முழுமையாகக் காரத்துடன் கலந்து சவர்க்காரம் ஆகிறது என்பதே பொதுவான கருத்தாக இருந்தது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் சீலெ, ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடுடன் சூடாக்கியபோது இனிப்பான ஒரு நீர்மம் கிடைப்பதைச் செவ்ரேல் பிறப்பதற்கு முன்னரே கண்டிருந்தார். ஆனால் அதன் இடம் எது என்பது தெளிவாகவில்லை.

செவ்ரேல் 1813 முதல் பத்தாண்டுகள் இதே பொருளைத் தொடர்ந்து ஆய்ந்தார். பன்றி, ஆடு, மாடு, மனிதர் ஆகியோரின் கொழுப்புகள், வெண்ணெய், ஓங்கில் எண்ணெய், திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைக்கும் மெழுகு என ஒவ்வொன்றையும் காரத்துடன் வினைப்படுத்தி, கிடைத்தவற்றை எடைபோட்டார். கொழுப்பு காரத்தால் இரண்டாகப் பிரிகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒரு பகுதி கொழுப்பு அமிலங்கள். இவை காரத்துடன் சேர்ந்து உப்பாகின்றன, அந்த உப்பே சவர்க்காரம். மற்றொரு பகுதி சீலெ கண்ட இனிப்பு நீர்மம். இதற்குக் கிளிசரின் என்று பெயரிட்டவர் செவ்ரேலே. பிரிந்து வந்த அமிலங்களையும் கிளிசரினையும் சேர்த்து நிறுத்தபோது, எடுத்துக்கொண்ட கொழுப்பைவிட எடை சற்று மிகுதியாக இருந்தது. பிரியும்போது நீர் உட்புகுகிறது என்பதை இதிலிருந்து உணர்ந்தார். இந்த முடிவுகளைத் தொகுத்து, விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய நூலை 1823 இல் வெளியிட்டார். கரிம வேதியியல் ஒரு துறையாக உருப்பெறாத காலத்தில் இது எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வெண்ணெயிலிருந்து பியூட்டிரிக், காப்ரோயிக், காப்ரிக் ஆகிய எளிதில் ஆவியாகும் அமிலங்களைப் பிரித்தார். வெண்ணெயின் மணத்துக்கும், அது கெட்டுப்போகும்போது எழும் நாற்றத்துக்கும் இவையே காரணம். திமிங்கில மெழுகிலிருந்து 1817 இல் கிடைத்த பொருள் கிளிசரின் அன்று. அது வேறொரு ஆல்ககால். இன்று சீட்டைல் ஆல்ககால் என அழைக்கப்படும் அப்பொருள், முகக் களிம்புகளையும் தலைமுடிக் கண்டிஷனர்களையும் கெட்டியாக்கப் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. தற்போது அது பெரும்பாலும் தாவர எண்ணெய்களிலிருந்து பெறப்படுகிறது.

இதே காலத்தில் பித்தக்கற்களில் உள்ள பொருளை ஆய்ந்து, அது சவர்க்காரமாக மாறாதது எனக் கண்டு, கொலசுட்டெரின் எனப் பெயரிட்டார். கொலசுட்டெரால் என்று பின்னர் வழங்கியது இதுவே. நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் உள்ள சர்க்கரை திராட்சைச் சர்க்கரையை ஒத்தது என்பதை 1815 இல் காட்டினார்.

உருகுநிலையும் ஒரு பிழையும்

ஒன்றையொன்று பெரிதும் ஒத்த அமிலங்களை எவ்வாறு வேறுபடுத்துவது என்பது செவ்ரேல் எதிர்கொண்ட பெரிய இடர்ப்பாடு. நிறம், மணம், தொடுவுணர்வு ஆகியவை போதுமானவையாக இல்லை. ஒரு பொருளை மீண்டும் மீண்டும் கரைத்துப் படிகமாக்கி, ஒவ்வொரு முறையும் அதன் உருகுநிலையை அளந்தார். உருகுநிலை மேலும் மாறாது நிலைத்தால் அப்பொருள் தூய்மையானது எனக் கொண்டார். வேதியியல் ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் இன்றும் செய்யும் இச்சோதனை வழக்கத்துக்கு வந்ததில் செவ்ரேலுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் இந்த உரைகல்லே ஓரிடத்தில் அவரை ஏமாற்றியது. தனிப்பொருள் என அவர் கருதிய மார்கரிக் அமிலம், இசுட்டியரிக் அமிலமும் பால்மிட்டிக் அமிலமும் சேர்ந்த கலவை என்பதை 1850களில் செருமானிய வேதியியலாளர் ஐன்ட்சு காட்டினார். இவ்விரண்டும் குறிப்பிட்ட அளவுகளில் கலக்கும்போது, கலவை ஏறத்தாழத் தனிப்பொருள் போலவே உருகும். தூய இசுட்டியரிக் அமிலம் சுமார் 69 பாகை செல்சியசில் உருகும். ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்தது 55 பாகையை ஒட்டி உருகும்.

இப்பிழை வேதியியல் வரலாற்றோடு முடிந்துவிடவில்லை. கடைகளில் இசுட்டியரிக் அமிலம் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் செவ்ரேலின் மார்கரிக் அமிலத்தைப் போன்ற கலவையே. ஒரு வணிகரிடமிருந்து வாங்கியதைக் கொண்டு நன்றாக அமைந்த களிம்பு, மற்றொருவரிடம் வாங்கியதைக் கொண்டு செய்யும்போது கெட்டியாகவோ குறுமணி போன்றோ ஆவதுண்டு. கலவையின் விகிதம் மாறியிருப்பது இதற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று. பெயரைப் பார்ப்பதைவிட உருகுநிலையைப் பார்ப்பது இங்கு பயன்தரும். மார்கரிக் என்ற பெயரோ வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. 1869 இல் இப்போலித் மெச்சு-மூரியே என்பவர் வெண்ணெய்க்கு மாற்றாகச் செய்த பொருளுக்கு மார்கரீன் என்ற பெயர் அதிலிருந்தே வந்தது.

தயாரிப்புக் குறைகளும் செவ்ரேலின் விளக்கமும்

வீட்டிலோ சிறு தொழிலகத்திலோ சவர்க்காரமும் களிம்பும் செய்வோர் சந்திக்கும் குறைகளுள் பலவற்றுக்கு விடை, கொழுப்பு என்பது அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்ற ஒரே உண்மையில் அடங்கியுள்ளது.

சவர்க்காரம் மென்மையாகவே இருந்துவிடுவதற்கு இரு காரணங்கள் உள்ளன. காரம் பொட்டாசாக இருந்தால் விளைவது மென்சவர்க்காரம்; சோடாவாக இருந்தால் கட்டிச் சவர்க்காரம். விறகுச் சாம்பலிலிருந்து காரம் எடுத்த வட ஐரோப்பியர், கறியுப்பைக் கொட்டிச் சவர்க்காரத்தைக் கெட்டியாக்கினர். பொட்டாசியத்தின் இடத்தில் சோடியம் புகுகிறது என்பதை அறியாமலே அவர்கள் அதைச் செய்துவந்தனர். மற்றொரு காரணம் கொழுப்பில் உள்ளது. இசுட்டியரிக், பால்மிட்டிக் அமிலங்கள் மிகுந்த ஆட்டுக் கொழுப்பு கெட்டியான சவர்க்காரத்தைத் தரும். ஒலீயிக் அமிலம் மிகுந்த எண்ணெய்கள் தரும் சவர்க்காரம் புதிதில் மென்மையாக இருந்து, பல வாரங்கள் உலர்ந்த பின்னரே இறுகும்.

தோலை எரிக்கும் சவர்க்காரத்துக்கும் பிசுபிசுக்கும் சவர்க்காரத்துக்கும் காரணம் கார அளவு. ஒவ்வோர் எண்ணெயிலும் உள்ள அமிலங்களின் மூலக்கூறு எடை வேறுபடுவதால், அது ஏற்கும் காரமும் வேறுபடும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 250 முதல் 260 மில்லிகிராம் பொட்டாசியம் ஐதராக்சைடை ஏற்கும். ஆலிவ் எண்ணெய் ஏற்பது சுமார் 190 மில்லிகிராம் மட்டுமே. எரிசோடா பயன்படுத்தினால் இவ்வளவை 1.4 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்குரிய செய்முறையில் தேங்காய் எண்ணெயை மாற்றி ஊற்றினால் காரம் போதாமல் எண்ணெய் எஞ்சும். மறுதலையாகச் செய்தால் காரம் எஞ்சித் தோலைப் புண்ணாக்கும். சவர்க்காரமாக்கல் எண் எனப்படும் இவ்வளவீட்டை 1879 இல் வெண்ணெய்க் கலப்படத்தைக் கண்டறிவதற்காகக் கோட்சுடோர்ஃபர் என்பவர் வகுத்தார். கொழுப்புகளை நிறுத்துப் பகுத்த செவ்ரேலின் பணி இல்லையேல் இவ்வெண்ணுக்குப் பொருளே இல்லை.

நீர்மச் சவர்க்காரத்தில் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் சேர்த்துத் துப்புரவுத் திரவம் செய்ய முற்படுவோர், அது பாலைப்போல் திரிந்துவிட்டதாக முறையிடுவது வழக்கம். அங்கு நடப்பது செவ்ரேல் 1811 இல் வேண்டுமென்றே செய்த அதே வினைதான். அமிலம் சவர்க்காரத்திலிருந்து காரத்தைப் பறித்துக்கொள்ள, கொழுப்பு அமிலம் தனியே மிதக்கிறது. எவ்வளவு கலக்கினாலும், எந்தப் பாலமக் காரணியைச் சேர்த்தாலும், சவர்க்காரம் சவர்க்காரமாக மீளாது. புளிப்பான திரவம் வேண்டுமெனில் சவர்க்காரத்தைக் கைவிட்டு, அமிலத்தால் சிதையாத செயற்கை அழுக்ககற்றியைத்தான் பயன்படுத்த வேண்டும். கடின நீரில் நுரை வராமல் வெண்மையான திப்பி படிவதும் இதனை ஒத்ததே. அங்கு கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தின் இடத்தைப் பிடித்து, நீரில் கரையாத சவர்க்காரம் உண்டாகிறது.

பொட்டாசுச் சவர்க்காரக் கரைசல் குளிர்ந்ததும் அல்லது நீர் கூடியதும் கலங்கி முத்துப் பளபளப்பு அடைவது, செவ்ரேலின் கண்ணில் முதலில் பட்ட நிகழ்வு. நீர் மிகும்போது சவர்க்காரத்தின் ஒரு பகுதி காரத்தை இழந்து அமிலச் சவர்க்காரமாகப் படிகிறது. தெளிவான நீர்மம் வேண்டுவோர் இசுட்டியரிக் அமிலம் மிகுந்த கொழுப்புகளைத் தவிர்க்கின்றனர். அழகுப்பொருள் செய்வோரோ இந்தப் பளபளப்பையே விலைகொடுத்து வாங்குகின்றனர். ஷாம்புகளில் காணப்படும் முத்து மினுமினுப்பு பெரும்பாலும் இசுட்டியரிக் அமிலத்தின் ஒரு சேர்மமான கிளைக்கால் இசுட்டியரேட்டின் நுண்படிகங்களால் உண்டாவது. வானிஷிங் கிரீம் எனப்படும் முகக்களிம்பும் இவ்வகையைச் சார்ந்தது. அதில் இசுட்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதி மட்டும் காரத்தால் சவர்க்காரமாகி, எஞ்சிய அமிலத்தை நீரில் பரப்பி நிறுத்துகிறது.

சேமிப்பில் உள்ள சவர்க்காரத்தில் செம்மஞ்சள் புள்ளிகளும் கெட்ட நெடியும் தோன்றுவதை மட்டும் செவ்ரேலின் வேதியியலால் முழுமையாக விளக்க இயலாது. எண்ணெய் அமிலங்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிசன் தாக்குவது அதற்குக் காரணம். இரட்டைப் பிணைப்பு என்ற கருத்தே அவரது இளமைக்காலத்தில் இருக்கவில்லை.

மெழுகுவர்த்தி

கொழுப்பு அமிலங்களின் முதல் பெரிய பயன் விளக்குகளுக்கு வந்தது. ஏழைகளின் வீடுகளில் எரிந்த கொழுப்பு வர்த்தி புகைந்தது, வெயிலில் இளகியது. அதிலுள்ள கிளிசரின் பகுதி எரியும்போது கண்ணைக் கரிக்கும் நெடி எழுந்தது. தேன்மெழுகு வர்த்தியோ செல்வருக்கும் தேவாலயங்களுக்கும் உரியதாக இருந்தது. கிளிசரினை நீக்கிய கெட்டியான அமிலங்களைக் கொண்டு வர்த்தி செய்ய, செவ்ரேலும் கே-லுசாக்கும் 1825 இல் காப்புரிமை பெற்றனர்.

அத்தொழில் அவர்களுக்கு வெற்றி தரவில்லை. முறை செலவு மிகுந்ததாக இருந்தது. திரியும் சரியாக எரியவில்லை. 1830களின் தொடக்கத்தில் டி மில்லி என்பவர் காரத்துக்கு மாற்றாக மலிவான சுண்ணாம்பைக் கொண்டு கொழுப்பைப் பிரித்தார். பின்னிய திரியைப் போரிக் அமிலத்தில் தோய்த்ததால், அது எரிய எரிய வளைந்து சாம்பலாகியது. மற்றொரு குறை எஞ்சியிருந்தது. குளிரும்போது அமிலம் பெரிய படிகங்களாகி, வர்த்தி நொறுங்கியது. படிகமாவதைத் தடுக்கச் சிலர் ஆர்செனிக்கைச் சேர்த்தனர். எரியும்போது அறையில் நச்சு பரவும் என்பதால் அம்முறை கண்டிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. சிறிது மெழுகு சேர்ப்பதும், வார்க்கும்போது வெப்பநிலையைக் கவனிப்பதும் போதுமாயின. கண்டுபிடித்தவருக்கு இத்தொழிலால் செல்வம் சேரவில்லை. எனினும் 1852 இல் பிரெஞ்சுத் தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 12,000 பிராங்கு பரிசளித்து அவரைச் சிறப்பித்தது.

கோபெலின் சாயச்சாலை

1824 இல் செவ்ரேல், பாரிசில் உள்ள கோபெலின் அரச நெசவுச்சாலையின் சாயப்பிரிவுக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார. சுவரில் தொங்கவிடும் உயர்ந்த சித்திரத் திரைகள் அங்கு நெய்யப்பட்டன. அவர் பொறுப்பேற்றபோது சாயங்களைப் பற்றிப் பல முறையீடுகள் இருந்தன. நீலம், ஊதா ஆடைகளின் மடிப்பு நிழல்களை நெய்யப் பயன்படும் கருப்புக் கம்பளி நூலில் போதிய கருமை இல்லை என்பது அவற்றுள் ஒன்று.

பிற சிறந்த சாயச்சாலைகளில் தோய்த்த கருப்பு நூல்களைச் செவ்ரேல் வரவழைத்து, கோபெலின் நூலுடன் ஒப்பிட்டார். நூலில் குறையேதும் இல்லை. அதே நூல் வெண்மைக்கு அருகில் நல்ல கருப்பாகத் தெரிந்தது. நீலத்துக்கு அருகில் வைத்தபோது மட்டும் மங்கிப் பழுப்பேறியது போல் தோன்றியது. நீலத்தைக் காணும் கண், அதன் அருகிலுள்ள நிறத்தில் நீலத்துக்கு எதிரான செம்மஞ்சள் சாயலைக் காண்கிறது. சாயத்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் தேடினாலும் இக்குறை அகப்பட்டிருக்காது. வேதியியலாளராக வந்தவர் இங்கு வேதியியலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வேதியியலுக்காகச் சம்பளம் பெறும் ஒருவர் அவ்வாறு சொல்லத் துணிவது எளிதன்று.

இக்கருத்தை 1828 இல் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். விரிவான நூல் 1839 இல் வெளிவந்தது. அந்நூலில் இடம்பெறும் ஒரு வழக்கு தொழில் செய்வோருக்குச் சுவையானது. துணி வணிகர்கள் சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்து, அவற்றின்மேல் கருப்புப் பூ வேலை அச்சிடுமாறு கேட்டிருந்தனர். வேலை முடிந்து வந்தபோது சிவப்பின்மேல் பச்சையும், ஊதாவின்மேல் பச்சை கலந்த மஞ்சளும், நீலத்தின்மேல் செம்பு நிறமும் தெரிவதாகக் கூறிச் சரக்கை ஏற்க மறுத்தனர். அச்சிட்டவர்கள் தாங்கள் கருப்பு மையையே பயன்படுத்தியதாக வாதிட்டனர். செவ்ரேல் பூ வேலையின் வடிவத்துக்கு ஏற்ப வெள்ளைத் தாளை வெட்டி, துணியின் பின்புல நிறம் முழுவதையும் மறைத்தார். எஞ்சித் தெரிந்தது வெறும் கருப்பு. பொய் சொன்னதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தொழிலாளர்களின் நேர்மை ஒரு தாளால் நிறுவப்பட்டது. வணிகர்கள் கண்டதும் பொய்யன்று.

நிறங்களைப் பெயரால் அன்றி எண்ணால் குறிப்பதற்காக 72 நிறங்கள் கொண்ட வட்டம் ஒன்றை அமைத்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் வெண்மை முதல் கருமை வரை 20 படிகள். கருமை கலந்த சாயல்களையும் சேர்த்து 14,400 நிறவகைகள் அதில் அடங்கின. ஓவியர்களிடம் இந்நூல் பெற்ற செல்வாக்கு சாயத்தொழிலில் பெற்றதைவிடப் பெரிது. புள்ளிகளால் வரைந்த சுராவும் சின்யாக்கும் இவரது கருத்துகளைப் பயின்றவர்கள்.

சாயம் வெளுப்பதைப் பற்றியும் ஆய்ந்தார். நூல்களை வெற்றிடத்திலும், உலர்ந்த காற்றிலும், ஈரக் காற்றிலும் வெயிலில் வைத்துப் பார்த்து, பல சாயங்கள் ஒளியால் மட்டும் வெளுப்பதில்லை, காற்றிலுள்ள ஆக்சிசனும் ஈரமும் சேர வேண்டும் என 1837 இல் காட்டினார். பிரசிய நீலம் வெற்றிடத்தில் ஒளிபட்டு வெளுத்து, காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமானது. நிறமூட்டிய சவர்க்காரமோ ஷாம்புவோ கடைச் சன்னலில் வெளுத்துப்போனால், ஒளி, காற்று, ஈரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் இச்சோதனை இன்றும் பொருந்தும்.

ஊசலும் மந்திரக்கோலும்

நூலில் தொங்கும் உலோகக் குண்டைச் சில பொருட்களுக்கு மேலே பிடித்தால் அது தானே அசையும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவியிருந்தது. 1812 அளவில் செவ்ரேல் பாதரசத்துக்கு மேலே ஊசலைப் பிடித்தபோது அது உண்மையிலேயே அசைந்தது. மற்றவர்களை நகையாடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. இடையில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார், அசைவு குறைந்தது. கையைத் தாங்கு ஒன்றின்மேல் வைத்தார், மேலும் குறைந்தது. பின்னர் கண்ணைக் கட்டிக்கொண்டு, தகடு எப்போது வைக்கப்படுகிறது என்பதைத் தாம் அறியாதவாறு பிறரைச் செய்யச் சொன்னார். தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு ஏதுமில்லை. அசையும் என்ற எண்ணமே தம்மை அறியாமல் தம் கைத்தசைகளை இயக்கியது என்ற முடிவுக்கு வந்தார். இதனை இயற்பியலாளர் ஆம்பியருக்கு எழுதிய கடிதமாக 1833 இல் வெளியிட்டார். நீரோட்டம் காட்டும் கோல், தானே சுழலும் மேசை ஆகியவற்றைப் பற்றிய நூல் 1854 இல் வந்தது. மருந்துச் சோதனைகளில் இன்று பின்பற்றப்படும் மறைப்புச் சோதனைமுறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதத்தக்கது.

பிற்காலம்

1826 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். வோக்லென் மறைந்தபின், 1830 இல் அருங்காட்சியகத்தில் அவரது பேராசிரியர் பதவியை ஏற்றார். 1832 இல் இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியேட்டினைப் பிரித்தெடுத்தார். 1857 இல் இலண்டன் அரச கழகம் கோப்லே பதக்கத்தை வழங்கியது. 1863 முதல் 1879 வரை அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

1871 சனவரியில் பிரசியப் படைகள் பாரிசை முற்றுகையிட்டிருந்தபோது எறிகுண்டுகள் அருங்காட்சியகத்தில் விழுந்தன. 84 வயதான செவ்ரேல் நகரை விட்டு நீங்கவில்லை. தாக்குதலைக் கண்டித்து அறிவியல் கழகத்தின் பதிவேட்டில் அறிவிப்பு ஒன்றைப் பதியச் செய்தார். அவ்வாண்டு மே மாதம் பாரிசு கம்யூனின் இறுதி நாட்களில் கோபெலின் நெசவுச்சாலையின் ஒரு பகுதியும் பல திரைகளும் தீக்கிரையாயின.

வயது முதிர்ந்த பின்னரும் பணியைத் தொடர்ந்த அவர், தம்மைப் பிரான்சு மாணவர்களுள் மூத்தவர் என்றே அழைத்துக்கொண்டார். திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற பகுதியில் பிறந்தும் மது அருந்தாதவர். 1886 இல் அவரது நூறாவது பிறந்தநாளைப் பிரான்சு விழாவாகக் கொண்டாடியது. அதனையொட்டி ஒளிப்படக் கலைஞர் நாடார் அவரோடு உரையாட, நாடாரின் மகன் போல் படங்களை எடுத்தார். செப்டம்பர் 5, 1886 இல் ஓர் இதழில் வெளியான இவ்வுரையாடல், ஒளிப்படங்களுடன் அமைந்த முதல் நேர்காணலாகக் கருதப்படுகிறது.

ஈஃபெல் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களுள் செவ்ரேலின் பெயரும் ஒன்று. அவர்களுள் கோபுரம் எழும்போது உயிருடன் இருந்தோர் மிகச் சிலரே. 1889 மார்ச்சு 31 இல் கோபுரம் திறக்கப்பட்டது. அதே வசந்தகாலத்தில் அவரது மகன் ஆன்றி இறந்தார். சில நாட்களில், ஏப்ரல் 9 அன்று செவ்ரேலும் பாரிசில் மறைந்தார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்று, பாரிசுக்குத் தெற்கே உள்ள லே என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.